குழாய் வெடித்த வாரம்

டுரியான் முடிந்து, ரம்புத்தான் முடிந்து,
சாலையோரக் கடைக்காரர்கள் தார்ப்பாயை மடித்துக்கொண்டு
சிலிம் ரீவர் பக்கம் போய்விட்ட பிறகு
பதினேழாம் பிளாக்கின் ஓடைச் சரிவில்
ஒரு ரம்பாய் மரம்
அப்போதுதான் பழுக்கத் தொடங்கியது.

யாரும் நட்டதாகத் தெரியவில்லை.
பால்மரங்களை வெட்டிய பழைய கணக்கில் அது இல்லை.
செம்பனைக்குக் குழி குறித்த வரைபடத்திலும் இல்லை.
பழம் வாங்கும் லியோங்
ஒன்றை உரித்து வாயில் போட்டு
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.
"சும்மா கொடுத்தாலும் திட்டுவாங்க" என்றார்.

தள்ள வேண்டியவன் நான்.
மஞ்சள் எக்ஸ்கவேட்டர், நாள் கூலி.
புதன்கிழமை, இன்னும் விடியவில்லை,
இயந்திரம் சூடாகட்டும் என்று
விளக்கைப் போட்டேன்.

மரத்தடியில் கண்கள்.

சருகுமான். பூனை உயரம்.
பென்சில் தடிமனில் நான்கு கால்கள்.
ஓடவில்லை.
பின்காலால் தரையைத் தட்டியது, கடகடவென்று,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன்
கதவைத் தட்டுவது போல.

மேலே மரநாய் ஒன்று
சிந்திச் சிந்தித் தின்றுகொண்டிருந்தது.
சிந்தியதெல்லாம் கீழே உள்ளவர்களுக்கு.
ஓடைக்கு அப்பால்
ஒரு கீஜாங் இரண்டு முறை குரைத்துவிட்டுத்
தன் முறைக்காக நின்றது.
மழை பிடித்துக்கொண்ட மாதம்.
சுற்றிலும் செம்பனை,
வேறெங்கும் ஒரு பழம் இல்லை.

ஏழரைக்குக் கிராணி குணாளன் அழைத்தார்:
"என்ன, இன்னும் சத்தத்தையே காணோம்?"
"குழாய் வெடிச்சிருச்சு சார். ஹைட்ராலிக்.
சாமான் ஈப்போவுலேர்ந்து வரணும்."
அந்தப் பொய்
எனக்கு முன்பே எழுந்து
பல் துலக்கிக் காத்திருந்தது போல வந்தது.

இரக்கமென்று எழுதிவிடாதீர்கள்.
போன வருஷம்
கிளட்ச் கம்பியில் கண்ணி வைத்தவன் நான்.
சருகுமான் கறிக்கு இஞ்சி கூடுதலாக வேண்டும்,
எலும்பு மீன்முள்ளைப் போல,
பார்த்துத்தான் தின்ன வேண்டும்.
தெரியும்.

வியாழன் இரவு
மோட்டார்சைக்கிளைச் சாலையில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.
மரத்தடியில் மனிதக் கால்கள்.
கொங்சியில் தங்கும் ஷஃபீக்,
ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் உப்பு, மிளகாய்த்தூள்.
வங்காளதேசத்தில் இதற்கு லட்கன் என்று பெயராம்.
அம்மா தட்டில் குவித்து வைப்பாளாம்.
உடைந்த மலாயில் சொன்னான்,
உடைந்த மலாயில் கேட்டேன்.
அவன் போன பாதையில்
காட்டுப்பன்றி வந்தது. நான் எழுந்துவிட்டேன்.

வீட்டில் சரோஜினி ஒன்றும் கேட்கவில்லை.
பருப்பில் மட்டும் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது.
நாலு நாள் கூலி.
பையனின் பள்ளி வேனுக்கு இன்னும் கட்டவில்லை.

சனிக்கிழமை குணாளன் நேரில் வந்தார்.
வெடித்த குழாயை விரலால் தடவினார்.
விரலைப் பார்த்தார்.
எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.
பிறகு மரத்தடியைப் பார்த்தார்:
மிதித்துக் குழைந்த சேறு,
சின்னக் குளம்பு, பெரிய குளம்பு, ஒரு செருப்பு.
"திங்கக்கிழமை புதுக் குழாய் வந்துரும்ல?"
"வந்துரும் சார்."

திங்கட்கிழமை வந்தது.
உச்சியில் நாலைந்து சரம் மிச்சம்.
மரம் நான் நினைத்ததைவிட லேசாக விழுந்தது;
வேர்தான்
ஈரத்துணி கிழிகிற சத்தத்தோடு
கடைசிவரை மண்ணை விடவில்லை.
வாளியின் இரும்புப் பல்லில்
ஒரு சரம் மாட்டிக்கொண்டு ஆடியது.

அதுவரை நான் அதைத் தின்றதே இல்லை.
ஒன்றை உரித்து வாயில் போட்டேன்.
ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
பல் கூசி, காதுமடல்வரை புளித்து,
அதற்குப் பிறகு,
வெகு நேரம் கழித்து,
நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு.

கொட்டையை ஓடைப் பக்கம் துப்பினேன்.
எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.
அடுத்த குழிக்கு
வண்டியை நகர்த்தினேன்.